மாதிரி சொன்னால் மாத்திரை

போன மாதம் முழங்காலைக் காட்டுவதற்காகச் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஏசி அறை, சக்கரம் வைத்த நாற்காலி, எல்லாம் பிரமாதம். ஒரு நர்ஸ் பெண் வந்து என் கையில் அட்டை ஒன்றைக் கொடுத்தாள். அதில் வரிசையாக முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு எண்.

"உங்க வலி எத்தனைங்க சார்?" என்று கேட்டாள்.

"உக்காரும்போதா, எந்திரிக்கும்போதா, மருமகள் பக்கத்துல இருக்கும்போதா?"

"பொதுவாச் சொல்லுங்க சார்."

"நாலரை."

"அரையெல்லாம் கிடையாதுங்க சார்."

சரி, ஐந்து என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஓய்வு பெற்றவனுக்கு எது கூடுதலாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. பேச்சுவாக்கில், நான் ஏற்காட்டு மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்தவன் என்பது அவளுக்குத் தெரிந்தது. "அந்தக் காலத்துல வலியை எப்படிங்க சார் கேப்பீங்க? இந்த மாதிரி அட்டை இருந்துச்சா?" என்றாள். அட்டை இல்லை கண்ணு, இலக்கணம் இருந்தது என்றேன். கிழவனுக்கு முழங்காலோடு வேறு எதுவோ சேர்ந்து கழன்றிருக்கிறது என்று நினைத்திருப்பாள். விளக்கிச் சொல்வதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் சேலத்தில் பிறந்து, சேலத்தில் படித்து, ஒரு டாக்டரிடம் பாட்டில் கழுவி, மருந்து கலக்கக் கற்று, பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவன். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எழுபதுகளில் மலை ஏறினேன். மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில் சில காபி எஸ்டேட்காரர்கள் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. ஓட்டுக் கட்டடம், டாக்டர் அறை, மருந்து அறை, சில கட்டில்கள், முன்னால் நீளமாக ஒரு வராந்தா. வராந்தாவைப் பார்த்தபடி ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் நான்.

வந்தவர்களிடம் விசாரித்துச் சீட்டு எழுதி டாக்டருக்கு அனுப்புவது என் வேலை. பெயர், வயது, ஊர், தொந்தரவு. தொந்தரவு என்ற இடத்தில் நான் நாலே வார்த்தையில் குடும்பம் நடத்தினேன்: காய்ச்சல், இருமல், வயிற்று வலி, இதர. அப்போதிருந்த வயதான டாக்டருக்கு அதுவே அதிகம். அவர் சீட்டைப் படிப்பதில்லை, ஆளைப் பார்ப்பதும் குறைவு. மழைக்காலத்தில் எல்லோருக்கும் ஒரே கலவை மருந்து. அதில் பாதிப் பேர் குணமானார்கள், மீதிப் பேர் கோபித்துக்கொண்டு டவுனுக்குப் போனார்கள்.

எண்பதுகளில் அவர் போய் டாக்டர் அருணாசலம் வந்தார். காவிரிக் கரைப் பக்கத்து ஆள். என்னைவிட இளையவர், ஆனால் ஒல்லியாக, ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அண்ணன் என்று சொல்லத் தோன்றும். காபித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு டீதான் குடிப்பார். எஸ்டேட் மேனேஜர்கள் இதைத் தங்கள் முகத்தில் அடித்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்காமல் யார் நெஞ்சிலும் வைக்க மாட்டார். கோபம் வந்தால் சத்தம் போடுவதில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வந்த முதல் நாளே என் சீட்டுகளைப் படித்துவிட்டு வெகுநேரம் துடைத்தார்.

"கம்பவுண்டரே, இதுல ஏகப்பட்ட வயிற்று வலி இருக்கே. எல்லாம் ஒரே வலியா?"

"வயித்து வலிங்க சார். வேற என்னன்னு எழுதறதுங்க?"

"இது நீங்க எழுதின வலி. அவங்க சொன்ன வலி எங்கே?"

அன்றிலிருந்து புது நடைமுறை. நோயாளி என்ன வார்த்தை சொல்கிறாரோ அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுத வேண்டும். திருத்தக் கூடாது, சுருக்கக் கூடாது, "அதாவது" என்று எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கவும் கூடாது. டாக்டர் அந்தச் சீட்டை வாங்கி, நோயாளியின் எதிரிலேயே பாடப்புத்தகம் படிக்கிற குரலில் உரக்கப் படிப்பார். "முட்டிக்குக் கீழ எறும்பு சாரை சாரையாப் போகுதுங்க." படித்து முடித்து, "சொல்லுங்க" என்பார். அப்புறம் பேசாமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் பாதி வியாதி வெளியே வரும். தாங்கள் சொன்னதை ஒரு டாக்டர் வாயால் கேட்பதில் ஜனங்களுக்குப் பெரிய திருப்தி. ஒரு பாட்டாளி, "நல்லா இருக்குதுங்க, இன்னொருக்காப் படிங்க" என்று கேட்டே விட்டார்.

இதற்குக் காரணம் ஒரு நாள் டீ நேரத்தில் தெரிந்தது. டாக்டருக்குத் தமிழ் படிக்க ஆசை. பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசெல்லாம் வாங்கியவர். அப்பா விடவில்லை, மருத்துவத்தில் தள்ளிவிட்டார். "அதனால தமிழை ஆஸ்பத்திரிக்குள்ள கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார். ஏற்கெனவே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் என்ன வருமோ என்றிருந்தது.

"உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"மாதிரின்னு வந்தா உவமைங்க. வரலைன்னா உருவகமுங்க. இதுக்கும் மாத்திரைக்கும் என்னங்க சார் சம்பந்தம்?"

"உங்க மேனேஜர் புலி மாதிரின்னு ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் மேனேஜரே புலிங்கறான். ரெண்டு பேர்ல யாருக்குப் பயம் அதிகம்?"

"ரெண்டாவது ஆளுக்குத்தானுங்க."

"மாதிரின்னு சொல்றவன் புலியையும் பாக்குறான், மேனேஜரையும் பாக்குறான். நடுவுல நின்னு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்க அவனுக்கு நேரம் இருக்கு. புலின்னே சொல்றவனுக்கு மேனேஜர் கண்ணுக்கே தெரியலை. அவன் ஓடிக்கிட்டிருக்கான். வலியும் அப்படித்தான் கம்பவுண்டரே. வயிறு நெருப்பு மாதிரி எரியுதுங்கறவன் இன்னும் வலிக்கு வெளிய நிக்கிறான். வயித்துல நெருப்புங்கறவன் உள்ள மாட்டிக்கிட்டான்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இலக்கண வகுப்பில் வாத்தியார் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் பரிசு வாங்கியிருப்பேனோ என்னவோ. ஆனால் அடுத்த வாரமே வெள்ளையன் வந்து சேர்ந்தார்.

வெள்ளையன் கரடியூர்க்காரர், காபிச் செடியில் வேண்டாத கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறவர். ஜன்னலுக்கு வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, "காதுக்குள்ள வண்டு கத்துதுங்க" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன். டாக்டர் படித்தார், முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? மாதிரி இல்லை, போல இல்லை. வண்டேதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். காதுக்குள் பார்க்கிற கருவியின் பல்பு போயிருந்தது, சேலத்திலிருந்து புதுப் பல்பு வர வேண்டும். காது நரம்பு களைத்துப் போனால் இப்படி இரைச்சல் கேட்கும் என்று வெள்ளையனுக்குப் பொறுமையாக விளக்கி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் வெள்ளையன் மறுபடி வந்தார். "வண்டு இப்பத் திரும்பி உக்காந்துருச்சுங்க."

"உருவகம் வளருது" என்றார் டாக்டர் என்னிடம், மெல்லிய குரலில். மாத்திரையைக் கூட்டினார்.

அதற்கு மறுநாள், "நேத்து அது தூங்குச்சுங்க, அதனால நானும் தூங்குனேன்" என்றார் வெள்ளையன். டாக்டர் அதை இரண்டு முறை படித்து ரசித்தார். நல்ல வேளையாக அன்றைக்குப் பஸ்ஸில் பல்பு வந்து சேர்ந்தது. கருவியைக் காதில் வைத்துப் பார்த்தவர், பார்த்தபடியே நின்றார். பிறகு எண்ணெய் கொஞ்சம் வெதுவெதுப்பாகச் சுட வைத்துக் கொண்டுவரச் சொன்னார். சில சொட்டு விட்டதும் கறுப்பாக ஒரு வண்டு நிதானமாக வெளியே வந்து, காது மடலில் நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு, சட்டைக் காலரில் இறங்கியது.

வெள்ளையன் அதை இரண்டு விரலால் எடுத்து மேசை மேல் வைத்தார். "இதைத்தானுங்க மூணு நாளாச் சொல்லிட்டிருக்கேன்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளையனிடம் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அன்று சாயங்காலம், "கம்பவுண்டரே, இனிமே நமக்கு மூணு வகை. உவமை, உருவகம், வண்டு. முதல்ல வண்டு இருக்கான்னு பாத்துடணும், மத்த ரெண்டும் அப்புறம்" என்றார். அதன் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் நிஜமாக இருக்கிற வியாதிக்கெல்லாம் வண்டு என்றே பெயர். எலும்பு முறிந்திருந்தால் அது வண்டு.

இத்தோடு இலக்கணத்தை மூட்டை கட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு எஸ்டேட் வாட்ச்மேன், "வயித்துல கத்திங்க" என்று வந்தார். அவ்வளவுதான் சொன்னார், அதற்கு மேல் பேச முடியவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே சேலத்துக்கு அனுப்பினார்; குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். அன்றைக்கு அதே வரிசையில், "கத்தியில குத்துற மாதிரி வலிங்க" என்ற இன்னொருவருக்கு வெறும் வாயு. டாக்டருக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது. வராந்தாவில் இரண்டு பெஞ்சு போடச் சொன்னார். மாதிரி என்று சொல்கிறவர்கள் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில். அவர்களுக்கு அவசரமில்லை, சின்னத் தொந்தரவென்றால் நானே மாத்திரை கொடுத்து அனுப்பலாம். மாதிரி இல்லாமல் சொல்கிறவர்கள் டாக்டர் அறையை ஒட்டிய பெஞ்சில். அவர்கள் முதலில் உள்ளே போக வேண்டும்.

கூட்டம் அலைமோதுகிற மழைக்காலத்தில் இந்த ஏற்பாடு கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. எங்கள் மலைக்காரர்களுக்குச் சூட்சுமம் பிடிபடும் வரைக்கும் ஓடியது என்று சொல்ல வேண்டும். காபி பறிக்கிற பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். வரிசையில் நிற்கும்போதே ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுப்பது என் காதில் விழும். "ஏனுங்கக்கா, மாதிரின்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. பெஞ்சுலயே காய வெச்சுருவாங்க."

அப்புறம் என் ஜன்னலில் நடந்தது வைத்தியமே இல்லை. சளி பிடித்த ஒரு பெண், "மூக்குல ஏற்காட்டு ஏரி ஒடைஞ்சு போச்சுங்க" என்றாள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர், "மலைப்பாதை இருபது வளைவும் முதுகுலதான் கெடக்குதுங்க" என்றார். எஸ்டேட் ரைட்டர், நாலெழுத்துப் படித்த மனிதர், இருமலோடு வந்து, "தொண்டையில லாரி ரிவர்ஸ் எடுக்குது" என்றார். டவுனிலிருந்து ஒரு லாட்ஜ் சமையல்காரர் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உள்ள சீசன் கூட்டமுங்க, ஒரு ரூமும் காலியாக மாட்டேங்குது" என்றார். அதற்கு விளக்கெண்ணெய் கொடுத்தோம். டாக்டர் பெஞ்சு நிரம்பி வழிந்தது; என் பெஞ்சில் காக்காய் உட்கார்ந்திருந்தது. நான் எழுதி எழுதி விரல் வீங்கி, என் விரலுக்கே ஒரு சீட்டு எழுதலாமா என்று யோசித்தேன். டாக்டர் முதலில் ரசித்தார். போகப் போக, உள்ளே வருகிற ஒவ்வொரு உருவகத்துக்கும் பின்னால் வண்டு இருக்கிறதா என்று தேடித் தேடி அவர் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது.

சொல்லிக்கொடுக்காமலே இதில் கைதேர்ந்தவர் குப்பாயி அக்கா. மஞ்சக்குட்டைக்கு மேலே சாமையும் ஆரஞ்சும் வைத்திருந்த குடும்பம். அவருக்குச் சாதாரணமாக எதுவும் வராது. தும்மினால் இடி, கால் மரத்தால் கால் செத்துப்போச்சு. அவர் கணவர் சடையண்ணன் நேர் எதிர். யாரிடமும் எதையும் உறுதியாகச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனிதர். முதன்முதலில் அவருக்குச் சீட்டு எழுதியது நன்றாக நினைவிருக்கிறது.

"ஊடு எங்கீங்கண்ணா?"

"மஞ்சக்குட்டைக்கு மேல இருக்கிற மாதிரிங்க."

"வயசு?"

"அம்பத்தஞ்சு ஆன மாதிரிங்க."

"கல்யாணம்?"

"ஆன மாதிரிங்க."

பின்னால் நின்ற குப்பாயி அக்கா விட்டுவிடுவாரா. "ஆன மாதிரியா? மூணு புள்ளை பெத்துருக்கறேன். அதுவும் பெத்த மாதிரிதானா?" என்றார். வராந்தாவே சிரித்தது, சடையண்ணனும் சேர்ந்து சிரித்தார். இப்படிப்பட்டவர் எப்போது வந்தாலும் என் பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மார்கழிக் காலை. பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டம். வந்தவர்கள் எல்லோரும் கம்பளிக்குள் இருந்தார்கள், நான் மப்ளருக்கு மேல் மப்ளர் சுற்றியிருந்தேன். சடையண்ணனும் அக்காவும் வந்தார்கள். குப்பாயி அக்கா நெற்றியில் துணியை இறுகக் கட்டியிருந்தார். "தலைக்குள்ள ஆட்டுக்கல்லு ஓடுதுங்க" என்றார். டாக்டர் பெஞ்சு. அடுத்து சடையண்ணனைப் பார்த்தேன்.

"எனக்கென்னங்க, அவளைக் கூட்டிட்டு வந்தேனுங்க" என்றார்.

"உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லீங்களா?"

"நெஞ்சுல கொஞ்சம் பாரம் மாதிரிங்க. மாதிரிதானுங்க. மொதல்ல அவளைப் பாருங்க."

எழுதினேன். நெஞ்சில் கொஞ்சம் பாரம் மாதிரி. மலையில் நெஞ்சு என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாயுதான். ஏற்பாட்டின்படி அவர் என் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குத் தாராளமாக இடம் இருந்தது.

உள்ளே டாக்டர் குப்பாயி அக்காவின் சீட்டை உரக்கப் படித்து, "சொல்லுங்க" என்றார். அன்று நான் ஊசி போடுவதற்காக உள்ளே போயிருந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன். ஆட்டுக்கல்லு எப்படியெல்லாம் சுற்றுகிறது என்று அக்கா விவரித்தார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, கண் சரியாக இருந்தது, வண்டு எதுவும் அகப்படவில்லை. டாக்டர் களைத்துப் போய், "எப்ப இருந்து ஓடுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"நேத்து ராத்திரி இருந்துங்க. இவரு என்னைத் தூங்கவே உடலீங்க."

"ஏன்?"

"எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறாருங்க. படுத்தா மூச்சு முட்டுற மாதிரி இருக்குதாம். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. ஆசுபத்திரிக்குப் போலாம்னு கூப்பிட்டா வர மாட்டேங்கறாரு. எனக்குத் தலைவலின்னு சொல்லித்தானுங்க கூட்டிட்டு வந்தேன். தலைவலியும் இருக்குதுங்க, இல்லைன்னு சொல்லலீங்க."

டாக்டர் எழுந்துவிட்டார். நோயாளி உள்ளே வருவார், டாக்டர் வெளியே போக மாட்டார் என்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். அன்று ஸ்டெதஸ்கோப் கழுத்தில் ஆட, வேகமாக வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

என் பெஞ்சில் சடையண்ணன் தன் முறையை யாரோ ஒரு அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். "நீங்க போங்கம்மா, எனக்குச் சும்மா மாதிரிதான்." கம்பளியைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பனியில், அந்தக் குளிரில், அவர் முகவாயிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "வேர்க்குதா?"

"வேர்க்கிற மாதிரிங்க."

டாக்டர் அவர் நெற்றியில் கையை வைத்தார். எடுத்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கை எப்படி இருக்கு?"

"மரத்துப்போன மாதிரிங்க. பரவால்லீங்க."

"கம்பவுண்டரே, ஜீப்" என்றார் டாக்டர். குரல் உயரவே இல்லை. நான் ஓடினேன்.

நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, ஆஸ்பிரினைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீரில், வலிக்கு ஒரு ஊசி. எங்களிடம் அவ்வளவுதான் இருந்தது. எஸ்டேட் ஜீப்பின் பின்புறம் கம்பளி விரித்துச் சாய்த்து உட்கார வைத்தோம். டாக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், காலடியில் குப்பாயி அக்கா. டவுனைத் தாண்டி மலைப்பாதையில் இறங்கத் தொடங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை என் தோளில் மோதியது. சாவு என்று ஒன்று அந்த ஜீப்பில் எங்களோடு உட்கார்ந்திருந்தது என்று எழுதினால் அது உருவகம். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர் செத்துப்போய்விடப் போகிறார் என்று மட்டும்தான் பயந்தேன்.

சடையண்ணன் முன்னால் இருந்த டிரைவர் பையனிடம், "மெதுவாப் போ சாமி, வளைவுல வண்டி சாயுற மாதிரி இருக்குது" என்றார். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் பிள்ளை மாதிரி இருப்பவர்களையும்தான் சாமி என்று கூப்பிடுவது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

டாக்டர் நாடியைப் பிடித்தபடியே, "அண்ணா, மாதிரி வேண்டாம். எனக்காக ஒரே ஒரு தடவை. வலிக்குதா, இல்லையா?" என்றார். அவர் யாரையும் அண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சடையண்ணன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எதுக்குங்க டாக்டருங்க. நொம்ப வலிக்குதுன்னு சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. பாவம், சின்ன வயசு" என்றார்.

டாக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். குப்பாயி அக்கா கணவரின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். இடி இல்லை, ஆட்டுக்கல் இல்லை. மலை இறங்கும் வரைக்கும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "இவரு இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியலீங்க." மலை முழுக்கப் பெயர் வாங்கிய அந்த வாயில் இத்தனை வெறுமையான வார்த்தைகள் வந்தது எனக்குத் தாங்கவில்லை. நானும் அழுதுவிட்டேன்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். மாரடைப்புதான் என்றார்கள், பெரிது என்றார்கள், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். டாக்டரும் நானும் நடையில் உட்கார்ந்திருந்தோம்.

"அது உவமையே இல்லை கம்பவுண்டரே."

"பின்ன என்னங்க சார்?"

"வண்டு. நிஜமான வண்டு. நம்ம பாத்துப் பயந்துடக் கூடாதுன்னு மேல ஒரு துணியைப் போட்டு மூடிக் கொண்டுவந்திருக்கார். நான் துணியைப் பாத்துட்டு உள்ள ஒண்ணும் இல்லைன்னு பெஞ்சுல உக்கார வெச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகத்தான் மாதிரி சொல்வாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்க. அடுத்தவன் மனசு நோகக் கூடாதுன்னும் சொல்வாங்கன்னு யாருமே சொல்லலையே" என்றார்.

மறுநாள் அவரே வராந்தாவில் இறங்கி இரண்டு பெஞ்சையும் இழுத்து ஒன்றாகப் போட்டார். ஜன்னலில் இனி நான் கேட்க வேண்டிய கேள்வியையும் மாற்றினார். எப்படி வலிக்கிறது என்று கேட்பது அப்புறம். இதனால் என்ன செய்ய முடியவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். படுக்க முடியலீங்க, கூடை தூக்க முடியலீங்க, சோறு இறங்கலீங்க என்று பதில் வர ஆரம்பித்தது. அதில் கவிதை இல்லை, ஆனால் ஏமாற்றவும் வழியில்லை. ஏரி உடைந்த பெண்ணுக்குத்தான் பெரிய வருத்தம். "இனி சளி புடிச்சா சளின்னேதான் சொல்லோணுமுங்களா?" என்று ஏக்கத்தோடு கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன்.

சடையண்ணன் பிழைப்பாரா என்று எங்களுக்குப் பல நாள் தெரியவில்லை. டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துச் சேலம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் நான் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். ஒரு வாரம் வந்தவர், தானாகவே எனக்கும் சேர்த்து டீ போடச் சொன்னார். தேறிவிடுவார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பனி விலகி வெயில் உறைக்கத் தொடங்கிய ஒரு நாள், கணவன் மனைவி இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கி மெதுவாக நடந்து வந்தார்கள். சடையண்ணன் பாதியாக இளைத்திருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். சீட்டு எழுத நான் பேனாவை எடுப்பதற்குள் டாக்டரே வெளியே வந்து அவர் எதிரில் நின்றார்.

"சொல்லுங்க" என்றார். பிறகு காத்திருந்தார்.

சடையண்ணன் எழுந்து நின்றார். என்னவோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்திக்கொண்டார். டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்கேன் சாமி" என்றார்.

"இருங்க" என்றார் டாக்டர்.